பாலைவன வானத்தைக் கருப்பு வெள்ளையில் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெய்சல்மேரைச் சுற்றியுள்ள தார் பாலைவனத்துக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறேன். அங்கே நான் எடுப்பது பெரும்பாலும் வானம்தான், அதுவும் கருப்பு வெள்ளையில். படங்களைப் பார்ப்பவர்களும் கூட வர விரும்புபவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

ராஜஸ்தான்னாலே கலர்தானே? அவ்வளவு தூரம் போய் எதுக்குக் கருப்பு வெள்ளை?

தலைப்பாகை, பாவாடை, ஒட்டகத்தின் மேல் போர்த்திய துணி என்று தரைக்குப் பக்கத்தில் நிறம் கொட்டிக் கிடக்கிறது, உண்மைதான். ஜெய்ப்பூரில் பிறந்த புகைப்படக்காரர் ரகுபீர் சிங் இந்தியாவை நிறத்தில்தான் எடுக்க வேண்டும் என்று வாதாடினார், எடுத்தும் காட்டினார். மனிதர்களை எடுக்கும்போது நானும் அவர் பக்கம்தான்.

ஊரைத் தாண்டி மணலுக்குள் போய்விட்டால் கதை வேறு. கீழே ஒரு மஞ்சள், மேலே ஒரு நீலம், எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே இரண்டு நிறம். இவற்றை எடுத்துவிட்டால்தான் வெளிச்சமும் நிழலும் கண்ணில் படுகின்றன. அப்புறம், வானத்தை வெளிர் சாம்பலில் வைப்பதா கரிக்கருப்பில் வைப்பதா என்று முடிவு செய்யும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. வண்ணப் படத்தில் அந்த உரிமை இல்லை. வானத்தைக் கருநீலமாக்கினால் பார்க்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

நான் எடுத்தா வானம் வெறும் பேப்பர் மாதிரி வெள்ளையா வருது. உங்க படத்துல மட்டும் எப்படிக் கருப்பா இருக்கு?

வானம் கருக்க வேண்டுமானால் முதலில் அது நீலமாக இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியில் உள்ள நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கின்றன, சிவப்பு பெரும்பாலும் நேரே போய்விடுகிறது. அதனால் நீல வானத்திலிருந்து நம் பக்கம் வருவதில் சிவப்பு கொஞ்சம்தான். கேமராவைச் சிவப்பை மட்டும் பார்க்க வைத்தால் வானம் கருக்கும், மேகம் வெள்ளையாகவே நிற்கும். இவ்வளவுதான் ரகசியம்.

காற்றில் தூசி இருந்தால் இது நடக்காது. தூசித் துகள் மூலக்கூறைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். வானம் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். அதற்கு லென்ஸில் மாட்டும் எந்த நிறக் கண்ணாடியும் (ஃபில்டரும்) மருந்தில்லை, வேறு நாள் பார்க்க வேண்டியதுதான். உங்கள் படத்தில் வானம் வெள்ளையாக வந்ததற்குப் பெரும்பாலும் காரணம் கேமரா இல்லை, அந்த நாள்.

அப்போ எந்த மாசம் போகணும்?

எல்லோரும் டிசம்பரில் போகிறார்கள். குளிர் இதமாக இருக்கும், வானமும் நீலமாக இருக்கும், ஆனால் பல நாள் ஒரு துண்டு மேகம் இருக்காது. குளிர்காலத்தில் மேகம் வேண்டுமென்றால் வானிலைச் செய்தியில் மேற்கத்திய இடையூறு என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் அந்தக் காற்றமைப்பு, சீப்பால் வாரிவிட்ட பஞ்சு மாதிரி உயர்ந்த மேகங்களைக் கொண்டுவரும். அது கடந்துபோன மறுநாள் காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடித்தது ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஜெய்சல்மேரில் வருடத்துக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மழைதான், அதில் பெரும்பங்கு அப்போதுதான் பெய்கிறது. ஒரே ஒரு நல்ல மழை தூசியை அடக்கிவிட்டால் மறுநாள் காலை வானத்தின் நீலம் கண்ணைக் குத்தும். வெயில் ஏற ஏற, அடிப்பாகம் தட்டையான மேகப் பொதிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். அவற்றின் நிழல் மணல்மேட்டில் ஏறி இறங்கி நகர்வதை ஒருமுறை பார்த்தவர் டிசம்பருக்குத் திரும்ப மாட்டார். புழுக்கமும் ஈயும் உண்டு, சில விடுதிகள் மூடியிருக்கும். பரவாயில்லை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை தூசிக் காலம். இரவு வானத்துக்கும் புழுதிப் புயலுக்கும் மட்டும் அப்போது போகலாம். இரண்டையும் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எந்த மணல்மேடு நல்லது? எல்லாப் படத்துலயும் ஒட்டகமும் ஜீப்பும்தான் தெரியுது.

அது நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சாம் மணல்மேடு. மாலையில் அங்கே கூட்டம் அதிகம், மணல் முழுக்கக் கால்தடமும் சக்கரத் தடமும்தான். தென்மேற்கே உள்ள குரி கிராமத்துப் பக்கம் கூட்டம் குறைவு. இரவு அடிக்கும் காற்று தடங்களை மூடிவிடும், ஆகவே எங்கே போனாலும் விடியற்காலையில் முதல் ஆளாகப் போங்கள்.

மேற்கே போகப் போக பாகிஸ்தான் எல்லை நெருங்குகிறது. எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்குள் நுழைய முன் அனுமதி வேண்டும். உள்ளூர் ஓட்டுநரிடம் கேட்காமல் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

காலையில 6 மணிக்குப் போய் நின்னா சூரியனே வரல. எத்தனை மணிக்குப் போகணும்?

நாடு முழுக்க ஒரே கடிகாரம்தான், ஆனால் ஜெய்சல்மேர் அந்தக் கடிகாரத்துக்கான தீர்க்கரேகையிலிருந்து மேற்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே சராசரியாகப் பகல் 12:45 மணி வாக்கில்தான். ஜனவரியில் விடிவதற்கு 7:30 மணி ஆகிவிடும். சென்னைக் கணக்கை அங்கே கொண்டு போகக் கூடாது.

நேரத்தைவிடத் திசை முக்கியம். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியுள்ள பட்டையில்தான் வானம் மிக ஆழமான நீலமாக இருக்கும். காலையில் சூரியன் கிழக்கே தாழ இருக்கும்போது வடக்கையோ தெற்கையோ பாருங்கள். டிசம்பர் உச்சிப் பொழுதில் அங்கே சூரியன் தெற்கே சுமார் 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்போது வடக்கே, பாதி உயரத்தில், வானம் அவ்வளவு கருமை. உச்சி வெயிலில் படம் எடுக்கக் கூடாது என்ற விதி குளிர்காலப் பாலைவன வானத்துக்குப் பொருந்தாது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு மூணு ஃபில்டர் சொல்றாங்க. எதை வாங்கறது?

ஃபிலிமில் எடுப்பவர்களுக்கான பதில் இது. மஞ்சள் 8ஆம் எண் வானத்தைக் கண் பார்ப்பது போலக் காட்டும், 1 ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்). ஆரஞ்சு சுமார் 2 ஸ்டாப். சிவப்பு 25ஆம் எண் 3 ஸ்டாப், வானத்தை நன்றாகக் கருக்க வைக்கும். அதைவிட ஆழமான 29ஆம் எண்ணும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று அங்குள்ள யோசமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். மனதில் பட்ட கம்பீரம் அதில் வராது என்று தோன்றியதும், கடைசியாக மிஞ்சியிருந்த கண்ணாடித் தட்டில் அந்த 29ஆம் எண்ணைப் போட்டு எடுத்தார். வானம் கிட்டத்தட்டக் கருப்பாகிவிட்டது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆரஞ்சை வாங்குங்கள். மணலின் முகடும் ஜெய்சல்மேர்க் கோட்டையின் மஞ்சள் கல்லும் அதில் ஒளிரும், வானமும் போதுமான அளவு இறங்கும். இன்னொரு விஷயம்: நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம்தான், ஆகவே சிவப்பு ஃபில்டர் நிழலையும் கருக்க வைக்கும். மணலில் காற்று வரைந்த வரிகள் அதில் வெட்டிவைத்த மாதிரி தெரியும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குச் சில சமயம் முரட்டுத்தனமாகத் தெரிகிறது.

டிஜிட்டல் கேமராவுலயும் சிவப்பு ஃபில்டர் போடலாமா?

சாதாரண வண்ண சென்சாரில் வேண்டாம். அதில் நான்கில் ஒரு பங்கு புள்ளிகள்தான் சிவப்பைப் பார்க்கின்றன. லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியை மாட்டினால் மற்ற முக்கால் பங்கும் ஏறக்குறைய வேலையற்றுப் போய்விடும், கூர்மையும் போய்விடும். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வண்ணத்திலேயே எடுத்து, பிறகு கணினியில் கருப்பு வெள்ளையாக்கும்போது நீல ஸ்லைடரை, அதாவது நீலம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று மாற்றும் பட்டையை, குறைப்பதுதான் சரி. 2012இல் வந்த லைக்கா எம் மோனோக்ரோம் போல வண்ண வடிகட்டியே இல்லாத சென்சார் என்றால் ஃபிலிம் போலவே ஃபில்டரை மாட்டலாம்.

கேமராவுலயே மோனோக்ரோம் மோட் இருக்கே, அது போதாதா?

பார்த்துப் பழக அது மிக நல்லது. திரையில் கருப்பு வெள்ளையாகத் தெரிவதால் நிறம் நம்மை ஏமாற்றாது, நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கோப்பு ராவாக இருக்கட்டும். ஜேபெக் மட்டும் எடுத்தால் நிற விவரம் போய்விடும், அப்புறம் வானத்தைத் தனியாக இறக்க வழியே இல்லை.

போலரைசர் போட்டேன். வானத்துல ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெள்ளைன்னு பட்டை விழுந்துடுச்சு.

போலரைசர் என்பது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர். மேலே சொன்ன 90 டிகிரிப் பட்டையில் மட்டும்தான் அது முழுதாக வேலை செய்யும். 24 மில்லிமீட்டருக்கும் கீழான அகல லென்ஸில் அந்தப் பட்டையும் அதற்கு வெளியே உள்ள வானமும் சேர்ந்தே விழுந்துவிடும். லென்ஸை 35க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது போலரைசரைக் கழற்றிவிடுங்கள். பின்னால் சரிசெய்வது பெரும்பாடு.

மணல் அழுக்குச் சாம்பலா வருது. நேர்ல பளீர்னு இருந்துச்சே?

கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெயிலில் கிடக்கும் மணல் அதைவிட வெளிச்சமானது. 1 ஸ்டாப் கூட்டி எடுங்கள், கேமரா திரையில் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டாமல் இருந்தால் போதும். மேகத்தின் வெள்ளை போய்விட்டால் திரும்ப வராது, ஆகவே மேகம் இருக்கும் நாளில் கூட்டுவதற்கு முன் மேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேகமே இல்லைன்னா கேமராவை உள்ள வெச்சுடலாமா?

வேண்டாம். வெறும் வானத்திலும் ஒரு நகர்வு இருக்கிறது. அடிவானத்தில் நாம் பார்க்கும் காற்றின் தடிமன் அதிகம், அதனால் அங்கே வெளுப்பு, மேலே போகப் போகக் கருமை. அந்தச் சரிவே படமாகலாம். சட்டத்தின் அடியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மணல்மேட்டின் முகடு, மீதி எல்லாம் வானம் என்று வைத்துப் பாருங்கள். ஒரு கேஜ்ரி மரம் தனியாக நின்றால் இன்னும் நல்லது. நம் ஊர் வன்னி மரம்தான் அது.

புழுதிப் புயல் வர்றப்ப எடுத்தேன். சுவர் மாதிரி வந்துச்சு, படத்துல ஒண்ணுமே தெரியல.

மே, ஜூனில் வரும் அந்தப் புயலை அங்கே ஆந்தி என்பார்கள். புழுதி மஞ்சள் பழுப்பு நிறம், அதாவது அது நீலத்தைக் குறைவாகவும் சிவப்பை அதிகமாகவும் அனுப்புகிறது. வானத்துக்குப் பழகிய கையோடு நீல ஸ்லைடரைக் குறைத்திருப்பீர்கள், புழுதி வெளுத்துப் போயிருக்கும். இங்கே தலைகீழாகச் செய்ய வேண்டும். மஞ்சளையும் ஆரஞ்சையும் இறக்கினால் புழுதிச் சுவர் கருத்து எழும். ஃபிலிம் என்றால் நீல ஃபில்டர்.

சுவர் நெருங்கும்போது முதலில் காற்று ஒரு கணம் அடங்குகிற மாதிரி இருக்கும், அப்புறம் மணல் ஊசி மாதிரி முகத்தில் அடிக்கும். அதற்குள் வண்டிக்குள் ஏறிவிட வேண்டும். ஒருமுறை இன்னும் ஒரே ஒரு படம் என்று நின்றேன். ஜூம் லென்ஸின் வளையத்துக்குள் போன மணல் இன்றும் திருப்பும்போது கரகரவென்று பேசுகிறது.

கேமராவுக்குள்ள மணல் போகாம எப்படிக் காப்பாத்தறது?

மணலில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள், இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. இரண்டு லென்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு கேமரா, அல்லது வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். சென்சாரில் ஒட்டிய ஒரு துகள் வேறு படங்களில் ஒளிந்துகொள்ளும், ஒரே சீரான சாம்பல் வானத்தில் எங்கும் ஒளிய முடியாது. லென்ஸின் துளை சிறியதாக இருக்கும் எஃப் 16இல் அது கூர்மையான புள்ளியாகத் தெரியும், துளை பெரிதான எஃப் 8இல் மங்கிவிடும். லென்ஸ் கண்ணாடியைத் துணியால் துடைக்கும் முன் ப்ளோயரால் ஊதுங்கள். ஈரத் துண்டில் சுற்றுவது தவறு, உலர்ந்த பருத்தித் துணி போதும்.

பழைய காலத்துப் பாலைவனப் படங்கள்ல வானம் மொட்டை வெள்ளையா இருக்கே, அப்ப வானமே அப்படித்தானா?

வானம் இதே வானம்தான். புகைப்படக்காரர் டிமத்தி ஓ'சல்லிவன் 1867இல் அமெரிக்காவின் நெவாடாவில் கார்சன் பாலைவன மணல்மேடுகளை எடுத்தார். இருட்டறையாக மாற்றிய வண்டியைக் கோவேறு கழுதைகள் இழுத்துக்கொண்டு வந்தன. கண்ணாடித் தட்டில் பூசிய ரசாயனம் உலரும் முன் படத்தை எடுத்துக் கழுவியாக வேண்டும். அந்த ரசாயனத்துக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். மணலுக்குச் சரியாக எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் எரிந்து வெள்ளையாகிவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று சேர்த்து அச்சிட்டது இதனால்தான். எல்லா நிறத்தையும் பார்க்கும் தட்டுகள் 1906இல் விற்பனைக்கு வந்த பிறகே வானத்தின் கருமை புகைப்படக்காரர் கைக்கு வந்தது.

நிலாவும் மணலும் ஒரே படத்துல வர மாட்டேங்குது. நிலா வெள்ளைப் பொட்டா போயிடுது.

பௌர்ணமி அன்று எடுக்கப் போனதுதான் பிழை. அன்றைக்குச் சூரியன் மறையும் நேரத்தில்தான் நிலா எழும், அது கொஞ்சம் மேலே வருவதற்குள் தரை இருண்டுவிடும். நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழுவதால், முந்தின நாள் போனால் சூரியன் இருக்கும்போதே நிலா வந்துவிடும். மணலில் கடைசி வெளிச்சம், மேலே நிலா, இரண்டும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும். நிலாவும் வெயிலில் கிடக்கும் பாறைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100இல் எஃப் 11, 1/100 வினாடி என்பது அதற்கான பழைய கணக்கு. அடிவானத் தூசி இருந்தால் 1 ஸ்டாப் கூட்டுங்கள்.

நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் ஊரின் கல்லறைச் சிலுவைகளுக்கு மேலே நிலா நிற்கும் ஆன்சல் ஆடம்ஸின் படம் இப்படிப்பட்ட நேரத்தில்தான் பிறந்தது. லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்தது, அதை வைத்துக் கணக்குப் போட்டு எஃப் 32இல் 1 வினாடி கொடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. அவர் தேதியைக் குறித்து வைக்கவில்லை. நிலா நின்ற இடத்தை வைத்து வானியலாளர்கள் பின்னாளில் 1941 நவம்பர் 1 என்று கண்டுபிடித்தார்கள். அவரே ஆரம்பத்தில் அச்சிட்ட பிரதிகளில் மேலே மெல்லிய மேகம் தெரியும், பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறக்குறைய முழுக்கருப்பு. ஒரே நெகடிவ்தான்.

பால்வீதியைக் கருப்பு வெள்ளையில எடுத்தா நல்லா இருக்குமா?

நன்றாகவே இருக்கும். அதிக ஐஎஸ்ஓவில் வரும் வண்ணப் புள்ளிகள் கருப்பு வெள்ளையில் ஃபிலிமில் தெரியும் பொடி மணி (கிரெய்ன்) போல ஆகிவிடும், நகரத்து விளக்கின் மஞ்சள் கறையையும் அடக்கிவிடலாம். பால்வீதியின் மையம் ஜெய்சல்மேரில் தெற்கே 34 டிகிரி உயரம் வரைதான் ஏறும், ஆகவே தெற்கே ஊர் வெளிச்சம் இல்லாத இடமாகப் பாருங்கள். மார்ச் முதல் ஜூன் வரை அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லவை. 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் நட்சத்திரம் கோடாகாமல் இருக்கும் வினாடிக் கணக்கு வரும்: 20 மில்லிமீட்டருக்கு 25 வினாடி. இது 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள முழுச்சட்டக் கேமராவுக்கு.

நீல ஸ்லைடரை இழுத்தா வானம் திட்டுத் திட்டா ஆகுது, மணல் ஓரத்துல வெள்ளைக் கோடு வேற.

அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள். நீலப் புள்ளிகளும் சென்சாரில் நான்கில் ஒரு பங்குதான், அவற்றை மட்டும் முறுக்கினால் இரைச்சல் வெளியே வரும். முதலில் லென்ஸின் நிறப் பிசிறைத் திருத்துங்கள், வெள்ளைக் கோட்டில் பாதி அதிலேயே போய்விடும். ஸ்லைடரைக் கொஞ்சமாக இறக்கி, மீதியை வானத்துக்கு மட்டும் மெதுவான சரிவாகக் கொடுங்கள். வெளிச்சத்தை மிக நுண்ணிய படிகளாக வைத்திருக்கும் 16 பிட்டிலேயே வேலை செய்து, கடைசியில் மெல்லிய மணி சேர்த்தால் பட்டைகள் மறையும்.

எவ்வளவு கருமை போதும் என்பதற்கு எனக்கென்று ஒரு அளவு இருக்கிறது. மணல்மேட்டின் ஆழ்ந்த நிழலைவிட வானம் கருக்கக் கூடாது. அதைத் தாண்டினால் பகலா இரவா என்று கண் தடுமாறுகிறது.

வானம் சரியில்லைன்னா வேற வானத்தை ஒட்டிக்கலாமா? லெ கிரேயே ஒட்டினாரே?

அவர் தட்டால் பார்க்க முடியாத ஒன்றைக் காட்டுவதற்காகச் சேர்த்தார். நம் சென்சாருக்கு அந்தக் குறை இல்லை. இருந்ததைக் கருக்கவோ வெளுக்கவோ செய்யலாம், இல்லாததைக் கொண்டுவந்து வைக்க மாட்டேன். மழைக்கு மறுநாள் வரை காத்திருந்து கிடைத்த வானத்துக்கும், ஒரு கிளிக்கில் வந்த வானத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும், அது போதும்.

காற்றாலைகளையும் மின்கம்பிகளையும் அழிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஜெய்சல்மேர் அடிவானத்தில் இன்று அவை நிறைய. அழிக்காதீர்கள். அழிவின் விளிம்பில் உள்ள கானமயில் அந்தக் கம்பிகளில் மோதிச் சாகிறது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த வானத்தின் இன்றைய உண்மை அந்தக் கம்பி. வேண்டாமென்றால் திரும்பி நின்று வேறு பக்கம் எடுங்கள்.

ஜெய்சல்மேர் போக இப்ப வசதியில்ல. தமிழ்நாட்டுல எங்க பழகறது?

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு. குதிரைமொழித் தேரியின் மணல் இரும்பு ஆக்சைடால் செக்கச்செவேல் என்று இருக்கும். ஆரஞ்சு, சிவப்பு ஸ்லைடரை ஏற்றினால் அந்த மணல் பனி மாதிரி வெளுக்கும், இறக்கினால் கரியாகும், பனைமரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வானத்தைத் தொடாமலே தரையைப் புரட்டிப் போடலாம். கடல் ஈரத்தால் வானம் கொஞ்சம் வெளுத்தே இருக்கும், வடகிழக்குப் பருவமழை விட்ட மறுநாள் போனால் தெளிவு கிடைக்கும்.

ஸ்க்ரீன்ல நல்லா இருந்த வானம் பிரிண்ட்ல செத்துப் போச்சு. என்ன பண்றது?

திரை தானே ஒளிரும், தாள் வாங்கிய வெளிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள், பிரிண்டில் வந்தது தெரியும். பளபளப்பில்லாத மேட் தாளில் கருப்பு ஒருபோதும் ஆழமாக வராது, வானத்துக்குப் பேரியம் பூச்சுள்ள பரைட்டா வகைத் தாள் நல்லது. முழுப்படத்தை அடிக்கும் முன் வானத்தின் மேல் மூலையிலிருந்து மணல் முகடு வரை ஒரு விரல்கடை அகலத் துண்டை மட்டும் அடித்துப் பாருங்கள். உடனே முடிவு செய்ய வேண்டாம், காய்ந்ததும் நிறம் இன்னும் கொஞ்சம் இறங்கும். நான் அந்தத் துண்டை ஜன்னல் பக்கச் சுவரில் ஒட்டி வைத்து, மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் பெரிய தாளை எடுக்கிறேன்.